படகைப் பார்த்துச் சவரம் செய்தவர்

விட்டிருந்தால் பளீரண்ணன் நிலாவையே கழற்றிக் கொண்டுவந்து, தன் மோட்டாரில் கொடுத்து மினுக்கி, அதிலிருக்கும் அந்தக் கறையை எடுத்துவிட்டு மறுபடியும் மாட்டியிருப்பார். கைக்கு எட்டவில்லை என்கிற ஒரே காரணத்தால்தான் அது இன்றைக்கும் கறையோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

தொண்ணூறுகளில் நான் ஆவாரம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். நடுவில் பொது வாசல், சுற்றிலும் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். எனக்கு ஒரு பம்ப்செட் கம்பெனியில் குமாஸ்தா வேலை. என் எதிர் வீட்டில் பளீரண்ணனும் அவர் மனைவி சரசக்காவும். தெருமுனையில் அவருக்குச் சொந்தமாக ஒரு பாலீஷ் பட்டறை. கிரைண்டர் டிரம், குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம் என்று எது வந்தாலும் மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் கொடுத்து மினுக்குவார். கோயம்புத்தூரில் அதற்கு பஃப் அடிப்பது என்று பெயர்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எதை எடுத்தாலும் “பளீர்னு இருக்கோணுமுங்க” என்பார். பெயர் அதிலேயே நின்றுவிட்டது. பட்டறையிலிருந்து திரும்பும்போது தலை முதல் கால் வரை கரித்தூசி அப்பியிருக்கும், கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். ஊரிலுள்ள அழுக்கையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு ஊரை மினுக்கிவிட்ட மனுஷன்.

கூலிக்கு மினுக்கியதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. யாரும் கேட்காமலேயே மினுக்குவார். வீட்டுக்காரம்மாவின் கேட் தாழ்ப்பாளை ஒருநாள் மினுக்கிவிட்டார். அந்த அம்மா காலையில் எழுந்து வந்து, யாரோ தாழ்ப்பாளைத் திருடிக்கொண்டு வேறொன்றை மாட்டிவிட்டார்கள் என்று தெருவைக் கூட்டிவிட்டார். என் டிபன் கேரியரை ஜன்னலிலிருந்து எடுத்துப் போய் மினுக்கினார். தகதகவென்று திரும்பி வந்தது. ஆனால் அதில் வெட்டியிருந்த என் பெயரும் பாலீஷோடு போய்விட்டது. ஆபீஸில் கேரியர் மாறி, ஒரு வாரம் நான் யார் வீட்டுப் பாகற்காய்ப் பொரியலையோ தின்றுகொண்டிருந்தேன்.

டவுன் பஸ்ஸில் ஏறினால் சும்மா நிற்க மாட்டார். பிடித்துக்கொள்ளும் கம்பியைத் துண்டால் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். ஒருதடவை காந்திபுரம் போய்ச் சேருவதற்குள் கம்பி கண்ணாடியாகிவிட்டது. வண்டி திரும்பியபோது பிடிமானம் கிடைக்காமல் ஒருவர் வழுக்கிக்கொண்டே போய் கண்டக்டரின் மடியில் உட்கார்ந்தார். “தள்ளுனது யாருய்யா?” என்று கண்டக்டர் கத்தினார். பளீரண்ணன் பெருமையாகக் கையைத் தூக்கி, “தள்ளலீங்க, மினுப்புங்க” என்றார்.

பாலீஷ் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. மினுக்கிய சாமானை எதிரே நிறுத்தி வைத்து, முகத்தில் சோப்பு நுரை பூசி, அதைப் பார்த்துச் சவரம் செய்வார். மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கன்னத்தில் வெட்டு விழுந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். வெட்டின் மேல் நியூஸ்பேப்பர் துணுக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டு, சாமானை மறுபடி சக்கரத்தில் கொடுப்பார். அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. சரசக்கா மட்டும் பார்ப்பார். “அதைய எவனோ செஞ்சான். அதுல பாத்து என்னத்துக்குங்க ஆகுது?” என்பார் பளீரண்ணன்.

இப்படிப்பட்டவர் தன் ஒரே மகள் பூங்கொடியின் கல்யாணச் சீரில் ஒரு மங்கிய அண்டாவை வைத்துவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. சரசக்காவின் அண்ணன் கடைசி நேரத்தில் கடையிலிருந்து நேராக மண்டபத்துக்கு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மினுக்க நேரமில்லை. மற்ற பாத்திரங்களெல்லாம் கண்ணைப் பறிக்க, நடுவில் அந்த அண்டா மட்டும் கோபித்துக்கொண்ட மாமனார் போல உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது சம்மந்தியம்மா, சீர் பார்க்க வந்தவர், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதன் மேல் ஒரு விரலை வைத்து இழுத்தார்.

“ஏனுங் சம்மந்தி, பாலீஸ்காரர் ஊட்டு அண்டாவே இப்படித்தானுங்களா?”

அவ்வளவுதான் கேட்டார். பளீரண்ணனுக்கு அன்றைய பந்திச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போனவர், “அந்த அண்டாவைக் குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயி மினுக்கியாந்து தந்தர்றனுங்க” என்று கெஞ்சினார். “அட, குடுத்த சீரைத் திருப்பி அனுப்புனா நல்லாருக்குமுங்களா?” என்று சம்மந்தியம்மா மறுத்துவிட்டார். கெட்டவர் அல்ல அந்த அம்மா. மருமகள் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் வாய் கொஞ்சம் சாணை பிடித்த வாய்.

மகளைக் கொடுத்த ஊர் சிறுமுகைக்கு அந்தப் பக்கம். பவானி அணையில் தண்ணீர் ஏறினால் அந்த ஊருக்குப் போகும் ரோடு முழுகிவிடும். அப்புறம் பரிசல்தான். பூங்கொடிக்குப் பரிசல் என்றாலே குலை நடுங்கும். கல்யாணமான புதிதில் அவள் ஏறிய பரிசல் நடுத்தண்ணீரில் காற்றில் மாட்டிப் பம்பரமாகச் சுற்றிவிட்டது. இறங்கும்போது மயக்கம் போட்டு விழுந்தவள், இனி செத்தாலும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் மழை கொட்டியது, ரோடு முழுகியது, பூங்கொடி முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். பெண்ணைப் பெற்றவர்கள் வகைவகையாகச் சாதம் கட்டி எடுத்துப் போய், கட்டுச்சோறு விருந்து வைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கு நாள் குறிக்கப் போன பளீரண்ணனிடம் சம்மந்தியம்மா கையை விரித்துவிட்டார்.

“பரிசல்ல அவளை ஏத்த மாட்டனுங். சுத்திப் போற காட்டு வழில ஆனை நிக்குது. போச்சாது உடுங்க, இங்கயே பெத்துக்கட்டும்.”

“அப்படிச் சொல்லாதீங்க. தலப்பிரசவமுங்க...”

“அப்ப ஆடாம அசையாம போற நல்ல படகு ஒண்ணு கொண்டாங்க, அனுப்பறேன். ஆனா பாத்துக்குங்க, அந்த அண்டாவாட்டம் மங்குனதா இருக்கக் கூடாது.”

படகுக்கு இந்த ஆள் எங்கே போவார் என்ற தைரியத்தில் சொன்ன பேச்சு அது. திரும்பும்போது பூங்கொடி கரை வரைக்கும் கூடவே வந்து, அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, எனக்கு அம்மாகிட்ட இருக்கோணும்ப்பா. எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருவீங்கள்ல?” என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது பளீரண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பளபளப்பாகவே இருந்த ஒரு சொம்பை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மலைமேல் ஒரு ஏரியில் கழித்துக் கட்டிய பழைய ஃபைபர் படகுகளை ஏலம் விடுகிறார்கள் என்று முட்டைக்கோஸ் லாரி டிரைவர் ஒருவர் சொன்னார். அடுத்த சில நாட்களில், முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் குப்புறக் கவிழ்ந்த நிலையில் ஒரு படகு எங்கள் தெருவுக்குள் வந்து சேர்ந்தது. இறக்கி வைக்க லைன் வீட்டு வாசலைத் தவிர வேறு இடமில்லை. வைத்த பிறகு பார்த்தால், குழாய் அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. சிறுவாணித் தண்ணீர் வரும் நேரத்தில் பெண்கள் குடத்தோடு படகுக்குள் இறங்கி, ஏறி, கடந்து போக வேண்டியதாயிற்று. கடலே பார்க்காத எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் தினமும் கப்பலேறித் தண்ணீர் பிடித்தார்கள்.

“ஏனுங்க, புத்திகித்தி கெட்டுப் போச்சுங்களா?” என்றார் சரசக்கா. “இதைப் போயி சம்மந்திகாரர் ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுங்களா? சுண்ணாம்பு அடிச்ச தொட்டியாட்டம் இருக்குது!”

சரசக்கா சொன்னதில் தப்பில்லை. அந்தப் படகு ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து மேல்பூச்சு வெந்து, வெளுத்துப்போய், மாவு பூத்த ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. கையை வைத்து இழுத்தால் உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. போதாக்குறைக்கு, சுற்றுலா வந்த காதல் ஜோடிகள் ஆணியாலும் சாவியாலும் பக்கவாட்டில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருந்தார்கள். சேகர்–உமா, பாபு–லதா என்று ஒரு ஊரே அங்கே குடியிருந்தது.

பளீரண்ணன் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முழங்கையால் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்தார். பொடி விலகி, அடியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது. “உள்ள உசிரு இருக்குதுங்க தம்பி” என்றார் என்னிடம்.

பட்டறையிலிருந்து மோட்டாரைக் கொண்டுவந்து, நீளக் குழாயின் முனையில் துணிச் சக்கரத்தை மாட்டி, குடத்துக்குக் கொடுக்கிற அதே வேகத்தில் படகுக்கும் கொடுத்தார். இரும்பு தாங்கும், பித்தளை தாங்கும், ஃபைபர் தாங்குமா? நிமிஷத்துக்குள் குப்பென்று ஒரு நாற்றம். சக்கரத்தை எடுத்துப் பார்த்தால் படகின் விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. பளீரண்ணன் வேலையில் கருகல் என்பது அதுவரை கிடையாது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரியாமல் தெருவில் போன ஒருவர் உள்ளே வந்து, “எப்பங்க ஆச்சு?” என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார்.

வேறு ஆளாக இருந்தால் படகைக் கவிழ்த்து வைத்து ஆடு கட்டியிருப்பார். பளீரண்ணன் மறுநாள் மோட்டாரைத் துணியால் மூடிவைத்தார். “இது பொறந்த புள்ளை மாதிரிங்க தம்பி. கைலதான் பாக்கோணும்” என்றார்.

அப்புறம் நடந்தது வேலை அல்ல, தவம். வெயில் பட்டால் பூசின மருந்து காய்ந்து பிடித்துக்கொள்ளும் என்று தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். பந்தலைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கல்யாணம் யாருக்கு என்று என்னைக் கேட்டார்கள். நான் அப்போது பிரம்மச்சாரி. முதலில் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு, கார் பெயிண்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். முரட்டுப் பேப்பர், அப்புறம் மெல்லிசு, அப்புறம் இன்னும் மெல்லிசு. கருகல் அதிலேயே கரைந்து போனது. தேய்க்கத் தேய்க்க ரோஸ் நிறத்தில் பால் வழிந்து வாசலெல்லாம் ஓடியது. குழாய்த் தண்ணீரில் பாதியைப் படகு குடித்துவிடுகிறது என்று பெண்கள் ஓரியாட்டம் கட்டினார்கள். “என்ற மவளைக் கூட்டியாறதுக்குங்க” என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் சண்டை தானாக அடங்கிவிடும். சிலர் தங்கள் குடத்திலிருந்தே ஒரு சொம்பு ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அடுத்து ரப்பிங் காம்பவுண்ட், அதாவது பெயிண்டுக்குப் பளபளப்பு ஏற்றும் பசை. அதற்குத் துணி வேண்டும். திருப்பூரிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் தருவித்து, தையல் இருந்தால் கீறல் விழும் என்று தையல் இல்லாத துண்டாகப் பொறுக்கினார். அதுவும் போதவில்லை. அந்த நாட்களில் அவர் எங்களை முகத்தைப் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை; போட்டிருக்கும் துணியைப் பார்த்துத்தான் பேசுவார். “தம்பி, உங்க வேட்டி நல்ல பக்குவத்துல இருக்குதுங்க” என்று ஒருநாள் சொன்னார். நான் அதை உடுத்தியிருந்தேன். மறுநாள் கொடியில் காயப்போட்ட வேட்டியைக் காணோம். தேடிக்கொண்டு போனால் அது நான்கு துண்டாகக் கிழிந்து படகின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு முழம் இடத்தை எடுத்துக்கொள்வார். வட்டம் வட்டமாகத் தேய்த்து, துடைத்து, மூக்கு முட்டக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த முழம். காதலர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். “சேகரும் உமாவும் போயிட்டாங்க. பாபுவுக்கு இன்னும் கொஞ்சம் கால் இருக்குது” என்று தினமும் எனக்குச் செய்தி வாசிப்பார். ரமேஷ் என்று ஒருவன் மட்டும் அசையவில்லை. பெண் பெயர் பாதியிலேயே நின்றுபோக, தன் பெயரை மட்டும் ஆத்திரத்தோடு ஆழமாக வெட்டிவிட்டுப் போயிருந்தான். அவனை எடுத்தால் ஓட்டை விழும் என்று விட்டுவிட்டார்.

காலையில் சவரப் பரீட்சை. முதல் நாள்களில் அவர் முகத்தில் தினசரிப் பேப்பர் ஒரு பக்கம் அளவுக்கு ஒட்டியிருந்தது. தலைப்புச் செய்தியையே படிக்கலாம். நாளாக நாளாகத் துணுக்குகள் குறைந்தன. மெழுகை மெல்லிசாகப் பூசி, மங்கலாக உலரவிட்டு, பழம்புடவையால் துடைத்து எடுத்த மறுநாள் காலை, ஒரு வெட்டு இல்லாமல் முழுச் சவரத்தையும் முடித்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினோம். வெற்றிலைச் சிவப்பில் நின்ற அந்தப் படகில் எங்கள் எல்லாருடைய மூஞ்சியும் வரிசையாகத் தெரிந்தது.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அவர் ஏனம் மினுக்கிப் பழகிய பாத்திரக்காரர். படகுக்குள் எட்டிப் பார்த்தார். தரையும் பலகைகளும் சின்னச் சின்னப் புள்ளியாக, சொரசொரவென்று இருந்தன.

“பாருங்க தம்பி, மேல மட்டும் வழுவழுன்னு செஞ்சுபோட்டு உள்ள முடிக்காமயே உட்டுப்போட்டானுங்க. உள்ள மினுங்கலீன்னா அது ஒரு ஏனமுங்களா?”

“அண்ணா, அது ஏதோ காரணமா வெச்சிருப்பாங்க...”

“சோம்பேறித்தனந்தானுங்க காரணம்.”

அந்தப் புள்ளிகளையெல்லாம் தேய்த்துச் சமன்செய்து, உள்ளேயும் காம்பவுண்ட், உள்ளேயும் மெழுகு போட்டார். சோற்றுச் சட்டியின் உட்புறம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன ஒரு அக்கா மறுநாள் படகின் இந்தக் கோடியில் கால் வைத்தவர், அந்தக் கோடியில் குழாயடிக்கே போய்ச் சேர்ந்தார். வரிசையில் முன்னால் இடம் கிடைத்ததால் அவர் புகார் ஏதும் சொல்லவில்லை. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுச்சோற்றுக்கு நாள் வந்தது. புளியஞ்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் பளபளக்கும் தூக்குப் போசிகளில் ஏறின. படகை லாரியில் சிறுமுகைக்கு அப்பால் தண்ணீர்க்கரை வரை கொண்டுபோய் இறக்கினோம். துடுப்புப் போட ஒரு பரிசல்காரரை ஏற்பாடு செய்திருந்தார் பளீரண்ணன். பிறந்ததிலிருந்து தண்ணீர் மேல் நின்றவர் அந்த ஆள். படகுக்குள் ஒரு கால் வைத்தார், மல்லாக்க விழுந்து வானத்தைப் பார்த்தார். “என்னங்க இது, எண்ணெய் கிண்ணெய் ஊத்தி வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க, மினுப்புங்க” என்றார் பளீரண்ணன்.

எப்படியோ ஏறி உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது பேச்சுக்குத்தான். பரிசல்காரர் துடுப்பை ஒருதடவை இழுத்தால் நாங்கள் எல்லோரும் பலகையோடு பின்னால் வழுக்குவோம். நிறுத்தினால் முன்னால் வருவோம். புளியஞ்சாதம் பின்கோடிக்குப் போக, தயிர்ச்சாதம் முன்கோடிக்கு வர, இரண்டும் நடுவில் சந்தித்துக் கணீரென்று மோதிக்கொண்டன. சரசக்கா இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மாரியம்மனை அழைத்தபடியே அக்கரை சேர்ந்தார்.

அக்கரையில் சம்மந்தி வீட்டார் கூடி நின்றார்கள். பூங்கொடி கை நிறைய வளையலோடு, துணிப்பையை இப்போதே தோளில் மாட்டிக்கொண்டு, வயிற்றைத் தாங்கி நின்றாள். சம்மந்தியம்மா முன்னால் வந்து படகைப் பார்த்தார். குனிந்தார். சிவப்பில் தன் முகம் தெரிந்ததும் தன்னையறியாமல் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, அன்றைக்கு அண்டாவில் வைத்த அதே விரலைப் படகின் மேல் வைத்து இழுத்தார். விரல் நிற்காமல் ஓடியது.

“ம்... பரவால்லீங்க சம்மந்தி” என்றார் அந்த அம்மா. அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப்பெரிய விருது அதுதான். அடுத்த நொடி கண்ணைச் சுருக்கி, “ஆமா, யாருங்க இந்த ரமேஷு?” என்றார். மாப்பிள்ளையின் பெயர் செந்தில். “அவன் எங்களுக்கு முன்னாடியே குடியிருக்கறானுங்க” என்று பளீரண்ணன் சமாளித்தார்.

“மருமக ஏர்றதுக்கு மின்னால நான் ஏறிப் பாக்கறேன்” என்று சம்மந்தியம்மா சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்ததுதான் தெரியும். “ஏய்... ஏய்... ஏய்...” என்ற சத்தம் படகின் நீளத்துக்கு ஓடியது. அந்தக் கோடியில் தயிர்ச்சாதப் போசிக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் படவில்லை.

“ஏனுங், இதுலயா மாசமா இருக்கற புள்ளையை ஏத்தறது?”

சாக்கை விரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சாக்கை விரித்து என்னை நிற்கச் சொன்னார்கள். சாக்கும் நானும் சேர்ந்தே பயணம் போனோம். சம்மந்தியம்மா தலையை ஆட்டினார். பூங்கொடி தோளிலிருந்த துணிப்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

பளீரண்ணன் அந்தப் பையைப் பார்த்தார். படகைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் குதித்தார். இரண்டு கையாலும் ஈர மணலை அள்ளிக்கொண்டு வந்து படகுக்குள் கொட்டினார். பக்கத்தில் கிடந்த செங்கல் துண்டை எடுத்தார். மண்டியிட்டு, தன் பாலீஷின் மேலேயே அதை வைத்து, கர்ரக்கென்று இழுத்தார்.

எனக்குப் பல் கூசியது. சரசக்கா, “ஏனுங்க, என்ன பண்றீங்க! கையால பாத்துப் பாத்து செஞ்சதுங்களே!” என்று கத்திவிட்டார்.

“தள்ளு புள்ளே. மினுப்பு கெடக்குது. என்ற மவ கால் ஊனி நிக்கோணும்.”

தேய்த்தார். குறுக்கே தேய்த்தார், நெடுக்கே தேய்த்தார். கருகல் விழுந்தபோது துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அதே ஆள். ஒவ்வொரு இழுப்புக்கும் பளபளப்பு செத்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கை மட்டும் நிற்கவில்லை. எழ முடியாமல் அந்தக் கோடியிலேயே உட்கார்ந்திருந்த சம்மந்தியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு ஒரு கை மணலை எடுத்துத் தன் பக்கத்துப் பலகையில் போட்டு, பாத்திரம் விளக்கிப் பழகிய கையால் அவரும் தேய்க்க ஆரம்பித்தார். சம்மந்திகள் இருவரும் ஆளுக்கொரு கோடியிலிருந்து தேய்த்துக்கொண்டே வந்து நடுவில் முட்டி நின்றார்கள்.

அந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: “சம்மந்தி, அந்த அண்டா ஊட்டுக்குள்ளதான் இருக்குது. போறப்ப எடுத்துட்டுப் போங்க. புள்ளை பொறந்து வாரப்ப மினுக்கியாந்து குடுங்க.”

“சீரைத் திருப்பி அனுப்பலாமுங்களா?”

“நாந்தான சொல்றேன்? எடுத்துட்டுப் போங்கன்னா.”

பூங்கொடி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் கால் வைத்தாள். பாதம் பதிந்து நின்றது. இன்னொரு காலையும் வைத்தாள். அதுவும் நின்றது. நேராக நடந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பரிசல்காரர் இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு, “இப்பத்தானுங்க இது படகு” என்றார்.

எல்லாரும் இறங்கிப் போய்க் கட்டுச்சோற்று விருந்தை முடித்துக்கொண்டு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பூங்கொடி சரசக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அண்டா நடுவில் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. பளீரண்ணன் வழக்கம்போல அதை உருட்டித் தன் முகத்தைப் பார்க்கக் குனிந்தார். மங்கிய அண்டா, ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, மகள் விழித்துக்கொள்ளாமல் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, மூஞ்சில மண்ணு கிண்ணு ஒட்டியிருக்குதுங்களா? இதுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. எப்படிங்க இருக்கேன்?”

மீசையெல்லாம் மணல். நெற்றியில் செங்கல் பொடி. கன்னத்தில் வியர்வையோடு மெழுகுப் பிசுக்கு.

“பளீர்னு இருக்கீங்கண்ணா” என்றேன்.